எரிந்துபோன அரங்குகளும் எங்கள் வீட்டுக் குசினி யன்னலும்



போன கிழமை எங்கள் பாடசாலையின் பழைய மண்டபத்தைப் பிள்ளைகள் அளந்து வரைகிற போட்டோக்களைப் போட்டிருந்தோம். "இடிக்கப் போற கட்டடத்தை என்னத்துக்கு வரையிறீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

பதில் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன் மண்டபத்தில் தொங்குகிற படங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருக் கச்சேரி சேர்?" என்பார்கள். ஆறு பெரிய தூண்களோடு நிற்கிற அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். "கச்சேரி இல்லை, லண்டனில் இருக்கிற நாடக அரங்கு. பெயர் ஹேமார்க்கெட். ஜோன் நாஷ் என்பவர் வடிவமைத்து 1821இல் திறந்தது" என்போம். உடனே முகம் மாறும். ஒருமுறை பக்கத்து வீட்டு மாமி நேரடியாகவே கேட்டுவிட்டா: "படிப்பிச்சுக் கொடுக்கிற ரெண்டு பேரும் கூத்துக் கொட்டகைப் படத்தையா மகன் வாங்கி மாட்டுறீங்க?"

மாமி கேட்டதில் பிழை இல்லை. கடல் கடந்த ஓர் ஊரில், நாங்கள் ஒருநாளும் கால் வைக்காத அரங்குகளின் பழைய அச்சுப்படங்களை ஏறக்குறையப் பதினைந்து வருடமாகச் சேர்க்கிறோம். இன்று வரைக்கும் முப்பத்தொன்று இருக்கின்றன. அதிகமானவை சிறியவை; ஒரு சோடி நல்ல சப்பாத்து வாங்குகிற காசுக்குக் கிடைத்தவை. மனித உருவங்கள் நிறைந்த படங்களைச் சுவரில் மாட்டுவதில்லை, கோவைக்குள் வைத்திருக்கிறோம். வெளிச்சுவரும் தூணும் கூரையும் உள்ளவை மட்டும்தான் சுவரில்.

எங்களில் ஒருவர் வரலாறு படிப்பிக்கிறவர், மற்றவர் சித்திரம். இந்தப் படங்கள் இரண்டு பாடத்துக்கும் உதவும் என்று மற்றவர்களுக்குச் சொல்வோம். அது உண்மைதான். ஆனால் தொடங்கிய காரணம் அதுவல்ல.

2004 டிசம்பர் 26இல் எங்கள் முதல் வீடு போனது. கடற்கரையில் இருந்து நடந்தால் மூன்று நிமிடம். அல்ஹம்துலில்லாஹ், எங்கள் இருவர் உயிரும் தப்பியது. வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. கலியாண அல்பம், உம்மாவின் பழைய பெட்டி, வாப்பா கட்டிய அந்த வீட்டின் முன்னால் நின்று எடுத்த ஒரேயொரு போட்டோ எல்லாம் போயின. இந்த ஊரில் இப்படிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பலர் இழந்தது வீடு மட்டுமல்ல. அதனால் நாங்கள் வீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பின்னர் பிறந்த மகன் ஒருநாள் கேட்டான்: "பழைய வீட்டுல குசினி யன்னல் எந்தப் பக்கம் இருந்த?" ஒருவர், "கிணத்தடிப் பக்கம்" என்றார். மற்றவர் அதே நேரத்தில், "தெருப் பக்கம்" என்றார். மூன்று வருடம் நாங்கள் இருவரும் தினமும் நின்று சமைத்த குசினி அது. கடைசியில் உம்மாவிடம் கேட்டோம். உம்மா, "குசினிக்கு யன்னலே இருக்கல்ல, ஓட்டுக்குள்ள ஒரு கண்ணாடி ஓடுதான் வெச்சிருந்த" என்றா. மூன்று பேர், மூன்று பதில். சரி பார்க்க ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை.

அதற்குக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு விடைத்தாள் திருத்துகிற வேலைக்காகக் கொழும்பில் நின்றோம். ஒரு பின்னேரம் மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு போனபோது, பாடப் புத்தகக் கட்டுகளுக்கு அடியில் மஞ்சளித்த ஒரு தாள் இருந்தது. பழைய ஆங்கிலப் படப் பத்திரிகை ஒன்றின் பக்கம். கூரை இல்லாத பெரிய கட்டடம். சுவர்கள் மட்டும் நின்றன. உள்ளே கற்குவியல், வளைவுகளுக்கு ஊடாக வானம். சுனாமிக்குப் பிறகு எங்கள் தெரு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கீழே, லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கு, 1856 தீக்குப் பிறகு என்று எழுதியிருந்தது. கடைக்காரர் கேட்டது சொற்பக் காசுதான். இருவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிவிட்டோம்.

விடுதிக்கு வந்து அந்தத் தாளை நன்றாகப் பார்த்தபோதுதான் ஆச்சரியம் வந்தது. படத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடியது. மடிப்பு என்று நினைத்தோம். பிறகு தேடிப் படித்ததில் விளங்கியது. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்கள் மரத்தில் செதுக்கப்பட்டவை. அதற்குப் பாவித்த பெட்டிமரம் எனப்படும் கெட்டியான மரம் பெரிய பலகையாகக் கிடைக்காது. அதனால் சிறிய கட்டைகளை ஆணி பூட்டி ஒன்றாக்குவார்கள். அவசரச் செய்தி என்றால் கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்து இரவோடு இரவாகச் செதுக்குவிப்பார்கள். பிறகு மீண்டும் பூட்டி, எழுத்து அச்சோடு சேர்த்து அடிப்பார்கள். பூட்டிய இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. ஓர் அரங்கு எரிந்த செய்தியை ஊருக்குக் காட்ட இத்தனை பேர் கண் விழித்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பழைய செதுக்குப் படங்களில் பல வகை உண்டு. மரத்தில் செதுக்கினால், மை மேடான இடத்தில் நிற்கும். செப்புத் தகட்டில் அப்படியல்ல. கூரிய உளியால் கோட்டைத் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே அழுத்துவார்கள். பள்ளத்து மை தாளுக்கு ஏறும். தகட்டின் ஓரமும் தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு சதுரப் பள்ளம் விழும். விரலால் தடவினால் தெரியும். செம்பு சீக்கிரம் தேயும் என்பதால் 1820கள் தொடக்கம் உருக்குத் தகடு வந்தது. எங்கள் ஹேமார்க்கெட் அந்த வகை. தோமஸ் ஷெப்பர்ட் என்பவர் லண்டன் தெருத் தெருவாக நின்று வரைந்த கட்டடங்களில் ஒன்று. அதில் உள்ள கோடுகள் தலைமயிரை விட மெல்லியவை.

படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் மூன்று செய்தி இருக்கும். இடப் பக்கம் வரைந்தவர் பெயர், வலப் பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் வெளியிட்டவரும் திகதியும். செதுக்குவோரின் உரிமையைக் காக்க 1735இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. பெயரும் திகதியும் போடுகிற வழக்கம் அதோடு உறுதியானது. யார் கண்டார், யாரிடமிருந்து யார் வாங்கினார், யார் எங்களிடம் சேர்த்தார் என்று வரிசையாகக் கேட்கிற பழக்கம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. அதனாலோ என்னவோ, படத்தை விட அந்தச் சிறிய எழுத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

இனி அந்த அரங்குகளின் கதை. சேர்க்கத் தொடங்கிய பிறகுதான், எங்களிடம் இருக்கிற கட்டடங்களில் அரைவாசிக்கு மேல் எரிந்துபோனவை என்று விளங்கியது. மரம், துணி, கயிறு, வர்ணம், நூற்றுக்கணக்கான மெழுகுதிரி, எண்ணெய் விளக்கு எல்லாம் ஒரே கூரைக்குள். எரியாமல் என்ன செய்யும்?

ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கு 1613 ஜூன் 29இல் எரிந்தது. நாடகத்தில் அரசர் வருகிற காட்சிக்குச் சிறிய பீரங்கி ஒன்றை வெடித்தார்கள். பொறி வைக்கோல் கூரையில் விழுந்தது. சனம் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒருவருடைய காற்சட்டையில் தீ பிடித்தது, போத்தலில் இருந்த பானத்தை ஊற்றி அணைத்தார்கள் என்று அக்காலக் கடிதமொன்று சொல்கிறது. மனிதன் தப்பினான். கட்டடம் தப்பவில்லை. அடுத்த வருடம் ஓட்டுக் கூரையோடு திரும்பக் கட்டினார்கள்.

ட்ரூரி லேன் அரங்கின் கதைதான் எங்களுக்கு அதிகம் பிடித்தது. இரண்டு முறை திரும்பக் கட்டிய பிறகு, 1794இல் ஏறத்தாழ 3,600 பேர் அமரக்கூடிய பெரிய அரங்காக அதைத் திறந்தார்கள். கட்டியவர் ஹென்றி ஹொலண்ட். தீக்குப் பயந்து இரும்புத் திரை போட்டார்கள், கூரையில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். திறப்பு விழாக் காலத்தில் இரும்புத் திரையை இறக்கிச் சுத்தியலால் தட்டிக் காட்டினார்களாம். திரையை உயர்த்தியதும் மேடையில் தண்ணீர் நிரம்பி, அதில் ஒருவன் ஓடம் வலித்தானாம். இனித் தீ எங்களை என்ன செய்யும் என்கிற தைரியம். பதினைந்தே வருடம். 1809 பெப்ரவரி 24 இரவு முழுவதும் எரிந்து சாம்பலானது. உரிமையாளர் ஷெரிடன் பாராளுமன்ற உறுப்பினரும்கூட. அந்த நேரம் சபையில் இருந்தார். அவருக்காகச் சபையை ஒத்திவைக்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். பிறகு பக்கத்துக் கோப்பிக் கடையில் அமர்ந்து தன் சொத்து எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள்.

அதற்கு ஐந்து மாதம் முன்னர், 1808 செப்டெம்பர் 20இல் கொவென்ட் கார்டன் அரங்கும் எரிந்திருந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இசையமைப்பாளர் ஹென்டல் விட்டுச்சென்ற ஓர்கனும் இசைக் கையெழுத்துகளும் போயின. அதைத் திரும்பக் கட்டி, அதுவும் 1856இல் எரிந்ததைத்தான் நாங்கள் மருதானையில் கண்டோம். 1858இல் கட்டிய மூன்றாவது கட்டடம் இன்றும் நிற்கிறது.

இந்த இரண்டு அரங்கும் எரிவதற்குச் சற்று முன்னர் ஒரு விடயம் நடந்தது. அக்கர்மன் என்ற பதிப்பாளர் லண்டன் நகரத்தின் கட்டடங்களையெல்லாம் உள்ளும் புறமும் வரைவித்து, மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். 1808 தொடக்கம் 1810 வரை, 104 படங்கள். பியூஜின் என்பவர் கட்டடத்தை வரைந்தார், ரோலண்ட்சன் என்பவர் அதற்குள் மனிதர்களை வரைந்தார். கொவென்ட் கார்டனும் ட்ரூரி லேனும் அதில் இருக்கின்றன. அடுக்கடுக்கான மாடங்கள், தொங்குகிற விளக்குகள், முன் வரிசையில் சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் தெரியும். அவர்கள் ஒரு வருடம் பிந்தித் தொடங்கியிருந்தால் வரைவதற்குக் கொவென்ட் கார்டன் இருந்திருக்காது.

இரும்புத் திரையும் தண்ணீர்த் தொட்டியும் அந்த அரங்கைக் காப்பாற்றவில்லை. தீக்குச்சி பட்டால் ஒரு நொடியில் போகிற கடதாசிதான் அதன் முகத்தை இருநூறு வருடத்துக்கு மேல் வைத்திருக்கிறது. கட்டடம் நிற்கிற நேரத்தில் ஒருவர் போய் நின்று வரைந்ததால்தான் அது நடந்தது.

ஆனால் வரைந்தால் மட்டும் போதாது. இதை எங்களுக்கு வென்செஸ்லாஸ் ஹொலர் படிப்பித்தார். பிராக் நகரத்தில் பிறந்த இவர் லண்டனில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏறி, தேம்ஸ் ஆற்றங்கரை முழுவதையும் வரைந்தார். அந்த வரைவை வைத்து, பிறகு அன்ட்வெர்ப் நகரத்தில் இருந்துகொண்டு தகட்டில் செதுக்கி 1647இல் வெளியிட்டார். வட்டமான இரண்டு கட்டடங்கள் அதில் தெரியும். ஒன்று குளோப், மற்றது கரடிச் சண்டை நடக்கிற இடம். கட்டடங்களை மிகச் சரியாக வரைந்த அந்தப் படத்தில், பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. உலகத்துக்கே தெரிந்த குளோப், கரடிக் கொட்டகை என்று எழுதப்பட்டு நிற்கிறது! ஊரை விட்டுத் தூரமாக இருந்து வேலை செய்தபோது நடந்த பிசகாக இருக்கலாம். பிற்கால ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பலர் பிழையான கட்டடத்தையே குளோப் என்று பார்த்தார்கள்.

இன்னொரு கதை. 1596 அளவில் டி விட் என்ற ஒல்லாந்துக்காரர் லண்டனுக்குப் போய், ஸ்வான் என்கிற அரங்கின் உட்பக்கத்தை வரைந்துகொண்டு வந்தார். அவர் வரைந்த தாள் தொலைந்துவிட்டது. ஆனால் அவருடைய நண்பர் வான் புக்கெல் அதைப் பார்த்துத் தன் கொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்தக் கொப்பி 1888இல் உட்ரெக்ட் நகரத்து நூலகத்தில் வெளிப்பட்டது. ஷேக்ஸ்பியர் காலத்துப் பொது அரங்கு ஒன்றின் உட்புறத்தைக் காட்டுகிற, அக்காலத்திலேயே வரைந்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். அழகான படமல்ல. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை விட நன்றாக வரைவார்கள். ஆனால் அந்த நண்பர் "எனக்கென்ன" என்று விட்டிருந்தால் இன்று அதுவும் இல்லை.

நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை ஒன்லைனில் ட்ரூரி லேன் உட்புறப் படம் ஒன்று கண்டோம். வர்ணம் தீட்டியது, அசல் என்று எழுதியிருந்தது. சம்பளத்தில் கால்வாசியைக் கொடுத்து வாங்கினோம். அந்த மாதம் மகனின் டியூஷன் காசைப் பிந்திக் கட்டினோம் என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறோம். தாள் வந்தது. பழைய நிறம், பழைய தோற்றம். ஆனால் தடவினால் ஓரப் பள்ளம் இல்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருந்து கைவில்லையைக் கொண்டுவந்து பார்த்தோம். கோடு இருக்க வேண்டிய இடத்தில் சிறு சிறு வர்ணப் புள்ளிகள். பத்திரிகைப் போட்டோவில் இருக்கிற அதே புள்ளிகள். அதாவது புதிதாக அச்சடித்துத் தேயிலைச் சாயம் போல ஏதோ பூசிப் பழசாக்கியது. விற்றவர் பதில் போடவில்லை.

கவலையாக இருந்தது. ஆனால் அந்தத் தாளை எறியவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுகிற முதல் படம் அதுதான். அசலையும் அதையும் பக்கத்தில் வைத்து, கைவில்லையைக் கொடுத்து, "எது பொய்?" என்று கேட்போம். வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி வாங்க நினைத்தால் மூன்றைப் பாருங்கள். செம்பு, உருக்குத் தகட்டுப் படமென்றால் ஓரப் பள்ளம் இருக்கிறதா? ஆனால் ஓரத்தை வெட்டியிருந்தால் அது போயிருக்கும். வில்லையில் பார்த்தால் கோடா, புள்ளியா? வெளிச்சத்துக்குப் பிடித்தால் தாளில் நீரடையாளம் தெரிகிறதா? 1794க்குப் பிறகு ஆங்கிலத் தாள் ஆலைகள் பல ஆண்டையும் நீரடையாளத்தில் போட்டன. படத்தில் 1808 என்று இருந்து தாளில் 1830 என்று இருந்தால், அது பழைய தகட்டில் பிறகு அடித்த பிரதி. பொய் அல்ல, ஆனால் விலை குறைவு.

இந்தப் பொழுதுபோக்கில் எங்களுக்கு இன்னும் மனம் ஆறாத ஒரு பக்கமும் உண்டு. தனித் தாளாக விற்கிற படங்களில் அதிகமானவை முதலில் புத்தகத்துக்குள் இருந்தவை. யாரோ ஒரு நாள் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக் கிழித்ததால்தான் அவை எங்கள் கைக்கு வருகின்றன. முழுப் புத்தகமாக விற்பதை விட ஒவ்வொரு படமாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் பழைய லண்டன் காட்சிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை போய்விட்டது, படங்கள் பெரும்பாலும் இருந்தன. முழுசாக வாங்கக் காசு போதாது. கடைக்காரர் நல்ல மனிதர், "தியேட்டர் படம் நாலையும் வெட்டித் தாறன் சேர், கொண்டுபோங்க" என்று பிளேட்டையும் எடுத்துவிட்டார்.

ஒருவர் வேண்டாம் என்றார். மற்றவர், "நாங்கள் வெட்டாவிட்டால் அடுத்தவன் வெட்டுவான்" என்றார். அந்தக் கடை வாசலில் நின்று நல்ல சண்டை. கடைசியில் வாங்காமல் வந்தோம். அடுத்த வருடம் போனபோது புத்தகம் இல்லை. முழுசாகப் போனதா, துண்டு துண்டாகப் போனதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஏற்கெனவே கிழிந்த தாள்களை வாங்குகிற நாங்கள் அன்று மட்டும் நல்லவர்களானோமா என்ற கேள்விக்கு வீட்டில் இன்னும் ஒரே பதில் இல்லை. ஆனால் எங்களுக்காக யாரும் புத்தகம் வெட்டக்கூடாது என்பதில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

இப்படிப் படங்களைச் சேர்ப்பதால் யாருக்காவது பிரயோசனம் உண்டா என்று கேட்கலாம். குளோப் அரங்கைத் தேடி சாம் வனமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949இல் லண்டனுக்குப் போனபோது அங்கே ஒரு நினைவுப் பலகை மட்டும்தான் இருந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் அலைந்தார். பெயரை மாற்றிப் போட்ட அதே ஹொலர், கோபுரத்தில் நின்று வரைந்த முதல் வரைவும் 1989இல் தோண்டியபோது கிடைத்த அத்திவாரத் துண்டும் அளவு கணக்கிட உதவின. 1997இல் அரங்கு திறந்தபோது வனமேக்கர் உயிரோடு இல்லை. வெனிஸ் நகரத்தில் லா ஃபெனிச்சே அரங்கு 1996இல் இரண்டு மின்சார வேலைக்காரர்கள் வைத்த தீயில் முற்றாக எரிந்தது. இருந்தபடியே, இருந்த இடத்திலேயே கட்டுவோம் என்று முடிவெடுத்து 2003இல் திறந்தார்கள். பழைய வரைபடங்களோடு, 1954இல் அந்த அரங்குக்குள் எடுத்த ஒரு சினிமாப் படத்தின் காட்சிகளையும் பார்த்துத்தான் அலங்காரங்களைச் செய்தார்கள். எடுத்தவர்கள் அதற்காக எடுக்கவில்லை. ஆனால் இருந்தபடியால் உதவியது.

இனி எங்கள் மண்டபத்துக்கு வருவோம்.

இடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூரை ஒழுகுகிறது, மரம் கறையான் தின்றுவிட்டது, பிள்ளைகளின் தலைக்கு மேல் ஓடு விழுந்தால் யார் பதில் சொல்வது? புதுக் கட்டடம் வரட்டும், சந்தோசம். ஆனால் அந்த மேடையில்தான் உங்களில் பலர் முதன்முதலாக மைக்கைப் பிடித்தீர்கள். மீலாத் விழாப் பேச்சுப் போட்டி, பொல்லடி, பரிசளிப்பு விழா, சுனாமிக்குப் பிறகு நாலு மாதம் அகதிமுகாம் எல்லாம் அதற்குள்தான். இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை, "மேடை எந்தப் பக்கம் பார்த்து இருந்த?" என்று கேட்டால் எங்கள் குசினி யன்னல் கதைதான் நடக்கும்.

அதனால் மூன்று சனிக்கிழமை எடுத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அளவு நாடாவைப் பிடித்தார்கள், சித்திரப் பிள்ளைகள் வரைந்தார்கள். நாங்கள் இத்தனை வருடம் கவனிக்காததைப் பிள்ளைகள் கண்டார்கள். மேடை வளைவுக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சுக்குள் பழைய பிறைச் சின்னம் ஒன்று மறைந்திருந்தது. பின்கதவு நிலையில் யாரோ உயரம் அளந்து கோடு கோடாகக் கீறியிருந்தார்கள். ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே அந்தப் பழைய படங்களில் இருக்கிற மாதிரி எழுதச் சொன்னோம்: இடப் பக்கம் வரைந்தவர், வலப் பக்கம் அளந்தவர், நடுவில் திகதி.

எல்லாம் முடிந்து சரி பார்த்தபோது ஒரு தாளில் வடக்குச் சுவரில் "தெற்கு" என்று எழுதியிருந்தது. வரைந்த பிள்ளை வெட்கத்தில் அழப் போய்விட்டாள். அவளுக்கு ஹொலருடைய படத்தைக் காட்டி, "உலகத்திலேயே பெரிய ஆளும் இதைத்தான் செய்தார் மகள். நீங்கள் கெதியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்றோம். சிரித்துக்கொண்டு திருத்தினாள். பிறகு அந்த ஒல்லாந்து நண்பரை நினைத்து மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று பாடசாலை அலுமாரிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மண்டபத்தின் பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால், கலியாண அல்பத்தின் பின்னணியில் ஒரு மூலை தெரிந்தாலும் பரவாயில்லை, பிரதி எடுக்கத் தாருங்கள். அசலை அன்றே கையில் திருப்பித் தருவோம். எடுத்த ஆண்டையும் எடுத்தவர் பெயரையும் தெரிந்தால் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவோம். வேறு பழைய கட்டடங்கள் இடிபடப் போனாலும் ஒரு கிழமை முன்னர் சொல்லுங்கள். பிள்ளைகள் வருவார்கள், நாடாவும் பென்சிலும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, எங்கள் பழைய வீட்டையும் வரைந்தோம். கதவு, திண்ணை, கிணறு, மாதுளை மரம் வரைக்கும் சண்டை இல்லை. குசினிக்கு வந்ததும் பழையபடி மூன்று பேரும் மூன்று பக்கம். கடைசியில் அந்தச் சுவரை வெறுமையாக விட்டுவிட்டோம். கீழே திகதி போட்டு, "நினைவிலிருந்து வரைந்தது" என்றும் எழுதினோம். ஹேமார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அதுதான் இப்போது தொங்குகிறது. இனி வருகிறவர்கள் "இது எந்த ஊருக் கச்சேரி?" என்று கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.